கெட்ட செய்திக்கான மொழி

என் தமிழ் இந்த அளவுக்காவது தேறியிருக்கிறது என்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது ராணுவ அரசாங்கத்துக்குத்தான். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் உம்மா திட்டும்போது காதில் விழுந்தவை. திட்டு புரியும், திருப்பித் திட்டுவது பர்மியில்தான். கண்ணிவெடி, முற்றுகை, சரண் போன்ற சொற்களெல்லாம் போன மழைக்காலத்தில்தான் எனக்குப் பழக்கமாயின.

எங்கள் வீடு ரங்கூனுக்கு எதிர்க்கரையில், தன்லியினில். வாப்பா போன பிறகு உம்மா நூர் பீவி, நான், தம்பி ஆபித் என்று மூன்று பேர். நான் ரங்கூன் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆபித் ஷ்வேப்யிதாவில் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு நாள் அவன் திரும்பி வந்த பஸ்ஸைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வயசுப் பையன்களை மட்டும் பட்டாளத்துக்கென்று இறக்கிக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். அவனுடைய டிபன் கேரியரைக் கண்டக்டர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவன் சாப்பிடாத முட்டை ஒன்று இருந்தது. உம்மா அதை எறியவும் முடியாமல் எடுத்து வைக்கவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அந்த வாரமே எங்கள் கம்பெனிக்குக் கர்னல் தெட் ஸா வந்து, இங்கே தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டிவிட்டு உடனே வேறு அறைக்குப் போய்விட்டார். கர்னல் மெலிந்த மனிதர். எதையும் முதலிலிருந்து விளக்குவதில் அவருக்கு ஒரு திருப்தி உண்டு.

"மா சஜிதா, நாட்டில் நடப்பது அத்தனையையும் தினமும் போஜோஜிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்" என்று பர்மியில் ஆரம்பித்தார். மா என்பது பெண்களுக்கான மரியாதைச் சொல், போஜோஜி என்றால் பெரிய தளபதி. நாட்டை ஆள்பவரை அப்படித்தான் சொல்ல வேண்டும். "சட்டம் போட்டவரும் அவரே. ஆனால் அவருடைய ஜோசியர் ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். போஜோஜியிடம் பர்மியில் சொல்லப்படும் கெட்ட செய்தி எல்லாம் உண்மையாகிவிடுகிறது. இன்ன ஊர் விழுந்தது என்று காலையில் சொல்கிறோம். விசாரித்தால் நிஜமாகவே விழுந்திருக்கிறது. ஒரு முறைகூடத் தவறியதில்லை."

"சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன, ஸயா?" என்றேன். ஸயா என்றால் ஐயா.

"சட்டத்தை மீறுவதா?" என்று அதிர்ந்தார். "சொல்லவும் வேண்டும், அவருக்குப் புரியவும் கூடாது. அதற்கு ஒரு மொழி தேடினோம். ஷான், கச்சின், கரென் எல்லாம் எதிரிகளின் மொழிகள். சீனத்தில் தோல்வியைச் சொன்னால் சீனாவுக்குக் கேட்டுவிடும். பாலி பிக்குகளுடையது. இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம் தெரியும். தமிழ்தான் பாக்கி இருந்தது. உங்களுக்குப் படை கிடையாது, தொந்தரவு கிடையாது. இத்தனை தலைமுறையாக நீங்கள் இங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இதைவிட நல்ல குடிமக்கள் கிடைப்பார்களா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். "எனக்குத் தமிழ் சரியாக வராது. நான் பேசினால் தமிழ்க்காரர்களுக்கே புரியாது."

"அதுதான் வேண்டும்" என்றார் கர்னல்.

அப்போதுதான் ஆபித்தைப் பற்றிச் சொன்னேன். பாலத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். "பிடித்துக்கொண்டு போகவில்லை, அழைத்துக்கொண்டு போனார்கள்" என்று திருத்தினார். "பாதுகாப்பான இடத்தில்தான் இருப்பான். நீங்கள் ஒழுங்காக வேலை பார்த்தால் அவனுடைய விஷயம் மேஜைக்கு வரும்." எந்த மேஜை என்று நான் கேட்கவில்லை. மறுநாள் முதல் நான் போஜோஜியின் இளைய செயலாளர்.

மிங்கலாடோனில், ரங்கூன் விமான நிலையத்தை ஒட்டிய பங்களா அது. சண்டை வடக்கே இருக்கும் புதிய தலைநகரத்தை நெருங்கியதும் போஜோஜி அதை விட்டு இங்கே குடிவந்திருந்தார். ரங்கூன் மக்களுக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறார் என்று டிவியில் சொன்னார்கள். கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய விமானம் தெரியும். ஏறும் படிக்கட்டை அதிலிருந்து எடுத்து நான் பார்த்ததே இல்லை.

வேலை எளிது. காலையில் கர்னல் பர்மியில் எழுதிய தாளை என் கையில் கொடுப்பார். போஜோஜியின் நாற்காலியைவிடத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, அதை அப்படியே தமிழாக்கி, பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில், புன்னகையோடு வாசிக்க வேண்டும். முன்கூட்டித் தாளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முகத்தில் பர்மியில் தெரிந்துவிடும் என்பது ஜோசியரின் கருத்து. நான் வாசிக்கும்போது அவர் மூலையில் உட்கார்ந்து காற்றில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

முதல் நாள் வாசித்தது எனக்கு மறக்காது. "வடக்குல ஒரு ஊரு... நம்ம கையில இல்ல. பெரிய துப்பாக்கிங்க எல்லாம்... அவங்க எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க ஓடிட்டாங்க." போஜோஜி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ரோஜா நிறத்தில் கொழுகொழுவென்று இருப்பார். பழம் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உம்மாவிடம் பாடம். "உம்மா, சுத்தி வளைச்சு வெளிய விடாம பண்றதுக்கு என்ன சொல்லு?"

"முற்றுகை."

"தோத்துப் போயி கையத் தூக்குறது?"

"சரணடையறது. என்னடி வேலை இது, ஒரு நல்ல வார்த்தை கேக்க மாட்டேங்குறே" என்பாள் உம்மா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்பாள்.

ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பங்களாவில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். போஜோஜி வாயைத் திறந்தால் அது வழிகாட்டுதல். சுற்றி நிற்கிற அதிகாரிகள் அத்தனை பேரும் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தை மாறாமல் எல்லா முகாமுக்கும் அன்றைக்கே போயாக வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஒரு நாள் ஜன்னலோரம் படுத்திருந்த பூனையைப் பார்த்து, "இது இங்கே இருப்பதால் மனசு அமைதியாக இருக்கிறது" என்றார். கர்னல் எழுதினார், மற்றவர்களும் எழுதினார்கள். மறுநாள் முதல் ரங்கூனில் தெருப்பூனைகள் குறைய ஆரம்பித்தன. ஒவ்வொரு முகாமிலும் பூனை இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. ஆபித்.

"லாத்தா, நல்லா இருக்கீங்களா? உம்மா அழுதாங்களா?"

"எங்கடா இருக்கே?"

"தௌங்பியு முகாம். மலை மேல. அரிசி முடிஞ்சிரிச்சு லாத்தா. இன்னிக்கு ஹெலிகாப்டர் வந்திச்சு, அரிசிதான்னு எல்லாரும் ஓடுனோம். ஒரு பூனைய எறக்கிவிட்டுட்டுப் போயிட்டாங்க." சொல்லும்போது சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது. அப்புறம் லைன் போய்விட்டது.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாளைக் கையில் வாங்கும்போதெல்லாம் தௌங்பியு என்ற பெயரைக் கண் தேடும். அந்த முகாம் விழுந்தால் கர்னலுக்கு அடுத்தபடியாகத் தெரியப்போவது எனக்குத்தான், அதையும் நான் சிரித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். காத்திருக்கும் அறையில் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். கர்னல் பார்த்தால் நிறுத்துவேன், அவர் திரும்பினால் மறுபடி ஆடும். பஸ்ஸில் நகத்தைக் கடிப்பேன். சோறு இறங்காது. யார் மேலாவது கத்த வேண்டும் போல இருக்கும், கத்துவதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் மெதுவாகக் கத்த வேண்டும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தாளில் இல்லாததையும் வாசித்தேன். அதே தாலாட்டுக் குரலில், "போஜோஜி, என் தம்பி ஆபித் தௌங்பியுல இருக்கான். அவனுக்கு இருமல். அவன விட்டுருங்க" என்றேன். போஜோஜி மங்குஸ்தான் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் கர்னலிடம் சொன்னேன். "என் தம்பியை விடச் சொல்லிக் கேட்டேன், ஸயா. போஜோஜி சரி என்று தலையாட்டினார்."

கர்னல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "தலையாட்டினால் கேட்டார் என்று அர்த்தம். வாயைத் திறந்தால்தான் உத்தரவு. தலையாட்டுவதையெல்லாம் உத்தரவாக எடுத்துக்கொண்டால் இந்த நாட்டை எப்படி நடத்துவது?"

இதற்குள் எங்கள் ஏற்பாட்டின் பெருமை வெளியே பரவிவிட்டது. தமிழ் வந்த பிறகு போஜோஜியின் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு அமைச்சர்கள் ஆளுக்கொரு தமிழரைத் தேட ஆரம்பித்தார்கள். மின்சார அமைச்சருக்கு பிரியாணிக்கடை பீர் முகைதீன் பாய் போய்ச் சேர்ந்தார். தினமும் காலையில் அமைச்சர் முன்னால் நின்று, "இன்னிக்கும் கரெண்டு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுவார். நிதி அமைச்சருக்குக் கோயிலில் பாடும் குழந்தைவேலு. அவருக்குத் தேவாரம் தவிர வேறு தமிழ் வராது. அதனால் க்யாட் பணத்தின் மதிப்பு இறங்குவதை ராகத்தில் பாடினார். அமைச்சர் கண்ணீர் விட்டார் என்று சொன்னார்கள்.

தேவை ஏற ஏற ஆள் போதவில்லை. தமிழே தெரியாத எங்கள் பிள்ளைகள் அரசாங்க வேலைக்காக அவசர அவசரமாகத் தமிழ் படித்தார்கள். அப்புறம் பாதுகாப்புத் துறையில் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். தமிழ் கேட்கும் இடத்திலெல்லாம் கெட்ட செய்தி இருக்கிறது, ஆகவே தமிழ்தான் தோல்விக்குக் காரணம். பொது இடங்களில் தமிழ் பேசுவது மன உறுதியைக் குலைக்கும் குற்றம் என்று ஓர் ஆணை வந்தது. உம்மா பஸ்ஸில் என்னைப் பார்த்து, "குடைய மறந்துட்டியா?" என்று கேட்டதற்கு ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, எந்த ஊர் விழுந்தது என்று அவளை மிரட்டினார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் என் பக்கம் குனிந்து, "மக்வே பக்கமா? எங்கள் அண்ணன் அங்கே இருக்கிறான்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மக்வே இல்லை என்று சொன்னேன்.

மழை குறைந்துகொண்டு வந்தது. ஒரு காலையில் கர்னல் தாளைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் வரியிலேயே அந்தப் பெயர் இருந்தது.

"தௌங்பியு..." என்று ஆரம்பித்தேன். கண் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. போஜோஜி ஒரு கண்ணைத் திறந்தார். ஜோசியரின் விரல் காற்றில் நின்றது. கர்னல் தொண்டையைக் கனைத்தார். நான் வாசித்தேன். "தௌங்பியு முகாம் விழுந்திருச்சு." அடுத்த வரியைப் படிக்கவே பயமாக இருந்தது.

"முகாம் தலைவரும் ஆளுங்களும் துப்பாக்கியக் கீழ வச்சிட்டு வெளிய வந்துட்டாங்க. சண்டையே நடக்கல. யாரும் சாகல. யாருக்கும் காயம் இல்ல. எதிர்த்தரப்பு அவங்களுக்குச் சோறு போட்டு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பி வச்சிருச்சு."

யாரும் சாகவில்லை என்ற வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். தாளில் ஒரு முறைதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சம்பளத்துக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன், குரல் எங்கேயோ மேலே போய்விட்டது. ஆபித்துக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

போஜோஜி பழத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத்தனை நாளில் இதுதான் கேட்க நன்றாக இருந்தது" என்றார் பர்மியில். "எது பற்றி அது?"

கர்னல் கை கட்டி நின்றார். "தௌங்பியு முகாம் பற்றி, போஜோஜி."

"எல்லா முகாமிலும் தௌங்பியு மாதிரியே நடக்கட்டும்" என்றார் போஜோஜி. சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

அறையில் இருந்த பேனாக்கள் எல்லாம் ஓடின. கர்னலின் பேனா மட்டும் தாளைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. அவர் எழுதிக் கொடுத்த செய்தி அது. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் என்னைப் பார்த்தார். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவர் எழுதினார்.

வராந்தாவில் என்னை நிறுத்தினார். "நீங்களாக ஏதாவது சேர்த்தீர்களா?"

"இல்லை, ஸயா. யாரும் சாகவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்."

"அப்படியானால் சரி" என்றார். கொஞ்ச நேரம் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வழிகாட்டுதலுக்கு அர்த்தம் சொல்வது என் வேலை இல்லை, மா சஜிதா. ஒருமுறை ஒரு மேஜர், பூனை என்று போஜோஜி சொன்னது உண்மையில் பூனையை அல்ல, அமைதியைத்தான் என்று அர்த்தம் சொன்னார். அவர் இப்போது வடக்கே இருக்கிறார். வார்த்தை மாறாமல் அனுப்புவதுதான் என் வேலை."

அனுப்பினார். இந்தப் போரில் எந்த உத்தரவும் இவ்வளவு சுறுசுறுப்பாக நிறைவேற்றப்பட்டதில்லை. தௌங்பியுவில் என்ன நடந்தது என்று முகாம்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. தெரிந்ததும் ஒரு முகாம்கூடச் சந்தேகம் கேட்டுப் பதில் போடவில்லை. டிவியில் அறிவிப்பாளர் மலர்ந்த முகத்தோடு, போஜோஜியின் வழிகாட்டுதல் இன்றைக்கு இன்னும் பல முகாம்களில் முழுமையாகச் செயல்படுத்தப்பட்டது என்று வாசித்தார். அதுவே மறுநாள் காலையில் கெட்ட செய்தியாகி என் கைக்கு வரும். நான் சிரித்துக்கொண்டே வாசிப்பேன். போஜோஜி, இன்னும் இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்பார். இருந்தது.

ஆபித் ஒரு மாலை வீடு வந்து சேர்ந்தான். கிழிந்த லோன்ஜி, தோளில் ஒரு கோணிப்பை. உம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோணிப்பை அசைந்தது. உள்ளேயிருந்து அந்தப் பூனை தலையை நீட்டியது.

"அரசாங்கச் சொத்து, விட்டுட்டு வர மனசில்ல" என்றான் ஆபித்.

"மொதல்ல சாப்புடு" என்றாள் உம்மா. அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவன் வந்துவிட்டான் என்பதால் என் பதற்றம் போய்விடவில்லை. இன்னும் அதிகமானது. எதிரியிடம் சரணடைந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் எங்கள் வீட்டுப் பின்னறையில் படுத்திருந்தான். பாலத்தில் சாவடி அப்படியேதான் இருந்தது. நான் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று பார்க்க வீட்டுக்கு ஆள் வரும். அதனால் தினமும் அவனைப் பூட்டி வைத்துவிட்டு, அவனைப் பிடித்துக்கொண்டு போனவருக்குத் தாலாட்டுப் பாடப் போனேன்.

பிறகு ஒரு காலையில் கர்னல் கையில் தாள் இல்லை. "தெரிவிக்க முகாம் எதுவும் மிச்சம் இல்லை" என்றார். சற்று நிறுத்தி, அதே குரலில், "என் மகன் கிழக்கே ஒரு முகாமில் இருந்தான். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். குளித்துவிட்டுத் தூங்குகிறான்" என்றார். அவருக்கு மகன் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "மா சஜிதா, நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?"

நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் உதட்டுக்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூடத்துக்குள் போய், போஜோஜியின் முன்னால் விறைப்பாக நின்று, ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "நாங்க. எல்லாரும். வீட்டுக்கு. போறோம்."

போஜோஜி தலையை ஆட்டினார். அது போதாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கர்னலுக்கு வியர்த்தது. நான் முக்காலியில் உட்கார்ந்து, ஆபித் வந்த மாலையில் உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தை என் குரலில் சொன்னேன். புன்னகைக்கச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"நன்றாக இருக்கிறது" என்றார் போஜோஜி. "அப்படியே செய்யுங்கள்."

கர்னல் எழுதிக்கொண்டு வெளியே போனார். சமையல்கட்டுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் காவல் சாவடிகளுக்கும் வழிகாட்டுதல் போனது. விமானிக்கும் போனது. யாரும் எதையும் கேட்கவில்லை. சமையல்காரர்கள் அடுப்பை அணைத்தார்கள். வாசல் காவலர்கள் துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். ஜோசியரை அப்போதே காணவில்லை. அவருக்கு நேரம் நல்லபடி அமைந்திருக்க வேண்டும்.

நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். கூடத்தில் போஜோஜியும் அவருடைய பூனையும் மட்டும் இருந்தார்கள்.

"நாளைக்கும் வந்து வாசி" என்றார் அவர்.

"நாளைக்கு இங்க யாரும் வர மாட்டாங்க, போஜோஜி" என்று தமிழில் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, கேட்க இதமாக இருக்கிறது என்றார். அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.